சேனல் ஒன்றும் இரண்டும்

ஒத்தக்கடையில், யானைமலைக்கு நேர் எதிரே
ஒரு பொறியியல் கல்லூரி மைதானம்.
நாலு மணிக்கு சவுண்ட் செக்.
நிலோஃபர் லேப்டாப்பைத் திறந்து
இரண்டு கேபிளை என்னிடம் நீட்டினாள்.
"இது ட்ராக்கு அண்ணே. ஒண்ணு, ரெண்டு."
அப்புறம் இன்னொன்று.
"இது நான். அஞ்சுல போடுங்க."
மிக்ஸரில் வெள்ளை டேப் ஒட்டி
அப்படியே எழுதிவைத்தேன்:
ட்ராக். ட்ராக். நான்.
எழுதியது என் கை என்பதால்
அந்த நான் யாரென்று
கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது.

எட்டு மணிக்கு மூவாயிரம் பேர்.
பாஸ் விழுகிற அடியில்
ஜெனரேட்டர் ஒச்சுவின் டீ டம்ளரில்
வட்டம் வட்டமாய் அலை.
அவள் குமிழைத் திருகினாள், கையைத் தூக்கினாள்,
மூவாயிரம் கையும் மேலே போனது.
எனக்குத் தெரியும்,
பச்சை விளக்கு துள்ளுவதெல்லாம்
ஒன்றிலும் இரண்டிலும்.
அஞ்சில் எப்போதாவது
சித்திரைத் தூறல் மாதிரி இரண்டு புள்ளி.

ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
பதினாறு வருஷமாய் இந்தப் பெட்டிக்குப் பின்னால் நிற்கிறேன்.
சுருதிப் பெட்டியை ஓடவிட்டு
வெற்றிலை மடிக்கிறவரை
எந்த மண்டபத்திலும் யாரும் நிறுத்திக் கேட்டதில்லை.
மேலூர்ப் பக்கம் ஒரு மேடையில்
எட்டு வயலின் அழுதது,
வயலின் ஒன்றுகூட இல்லை,
கீபோர்டுக்காரர் பொன்னாடையை வாங்கிக்கொண்டார்.
எட்டுப் பேர் என்றால் எட்டுச் சம்பளம்,
வேனில் எட்டு சீட்டு,
ராத்திரி பன்னிரண்டுக்கு எட்டு செட்டு பரோட்டா.
கமிட்டி கொடுக்கிற காசுக்கு
ஒரு லேப்டாப்தான் பஸ் ஏறும்.
இதெல்லாம் நியாயம்.
நியாயம் என்று தெரிந்துதான்

ஒன்பது பத்துக்கு
ஒன்றையும் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்
கீழே இழுத்தேன்.

மைதானம் சட்டென்று பெரிதாகிவிட்டது.
அஞ்சு மட்டும் கேட்டது.
ஒல்லியான ஒரு சத்தம்,
அல்பர்ட் விக்டர் பாலத்தில்
தனியாக நடக்கிறவள் மாதிரி
கொஞ்சம் எட்டி, கொஞ்சம் தயங்கி.
அவள் என்னைப் பார்த்தாள்.
கை நிற்கவில்லை.
போன சத்தத்தை யானைமலை வாங்கி
அரை நொடி கழித்துத் திருப்பிக் கொடுத்தது.
அதுவரை மலை பேசியது பாஸில் முங்கிக் கிடந்திருக்கிறது.
அவளுக்குக் கேட்டுவிட்டது.
அடுத்த சுரத்தை வைக்காமல் நிறுத்தினாள்,
மலை சொல்லி முடிக்கட்டும் என்று.
சொன்னது.
வைத்தாள்.
மறுபடியும் சொன்னது.

முன்வரிசையில் ஒருத்தன்
"யோவ் சவுண்டு!" என்று கத்தினான்.
தூக்கிய போன்கள் ஒவ்வொன்றாய் இறங்கின.
பதினாறு வரை எண்ணிவிட்டு ஏற்றினேன்.
கரண்டு வந்த தெரு மாதிரி
மொத்தக் கூட்டமும் ஓவென்றது.

திட்டத்தான் வருகிறாள் என்று
கேபிளைச் சுற்றியபடி குனிந்திருந்தேன்.
"தவறி இறங்கிருச்சாண்ணே?"
"ஆமா."
அன்றைக்கு அந்த மைதானத்தில் பொய் என்றால்
அது ஒன்றுதான்.
"அந்த மலைச் சத்தம் எதுலயாவது பதிஞ்சிருக்குமா?"
கூட்டத்தைப் பார்த்துக் கட்டியிருந்த மைக்கில்
பதிந்திருந்தது.
பென்டிரைவில் போட்டுக் கொடுத்தேன்.

போன மாதம் திருமங்கலத்தில் ஒரு ஷோ.
கண்ணுக்கெட்டிய தூரம் மலை கிடையாது,
நாலுவழிச் சாலையும் டோல்கேட் வெளிச்சமும்தான்.
ட்ராக். ட்ராக். நான்.
ஒன்பதாவது நிமிஷம் எல்லாம் நின்றது.
ஒல்லியாய் ஒரு சத்தம்,
அரை நொடி இடைவெளி,
பிறகு, ஒன்றிலும் இரண்டிலும்,
யானைமலை.
இம்முறை ஒரு போனும் இறங்கவில்லை.
அவள் கண்ணை மூடியிருந்தாள்.
அந்த நேரத்தில்தான் ஸ்பீக்கருக்குள்ளிருந்து
ஒத்தக்கடைக்காரன் கத்தினான்,
"யோவ் சவுண்டு!"

திருமங்கலமே திரும்பி
என்னைப் பார்த்தது.
நான் எதையும் தொடவில்லை என்று
இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.
ஆட்டம் என்று நினைத்து
பின்வரிசையில் சிலர்
அவர்களும் தூக்கினார்கள்.